பனிக்குச் சங்கிலி, சேற்றுக்குக் கூண்டு: சக்கரத்தில் ஏறிய இரும்பின் கதை

நாமக்கல்லில் பனி பெய்யுமா? பெய்யும்! ஆனால் அது மார்கழி மாதத்துப் பனி. காலையில் புல்லின் நுனியில் நிற்கும், எட்டு மணி வெயிலில் காணாமல் போய்விடும். முழங்கால் அளவுக்குக் குவிந்து வாசலை அடைக்கும் வெண்பனியைச் சேலம், நாமக்கல் சமவெளியில் யாரும் பார்த்ததில்லை. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும்கூட மூடுபனிதான்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் குளிர்காலம் வந்துவிட்டால், சிறிய டிராக்டர் வைத்திருப்பவர்கள் அதன் பின்சக்கரங்களில் இரும்புச் சங்கிலியைச் சுற்றிக் கட்டுவார்கள். பிறகுதான் பனியைத் தள்ளப் போவார்கள். அதே சமயத்தில் மோகனூர் பக்கம் ஒரு நெல் வயலில், டிராக்டரின் பின்சக்கரத்தில் கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டை மாட்டிச் சேற்றுழவுக்கு இறக்குவார்கள்.

ஒன்று பனி, ஒன்று சேறு. ஆனால் பிரச்சினை ஒன்றேதான். ரப்பர் டயர் வழுக்குகிறது, அதற்கு இரும்பு உதவி செய்கிறது. இந்த உதவிக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதில்தான் சுவாரஸ்யமான ஒரு வரலாறு இருக்கிறது.

முதலில் எல்லாம் இரும்புதான்

டிராக்டர் பிறந்தபோது அதற்கு ரப்பர் டயர் கிடையாது. 1917-ல் ஹென்றி ஃபோர்டின் ஃபோர்ட்சன் டிராக்டர் பெருமளவில் தயாராகத் தொடங்கியது. அதன் சக்கரம் முழுக்க இரும்பு. பின்சக்கரத்தில் இரும்புப் பற்கள் வேறு. மண்ணில் குத்தி, பிடித்து, இழுக்கும்.

வயலில் அது ராஜா. ஆனால் சாலைக்கு வந்தால் எமன்! அந்தப் பற்கள் சாலையைக் கொத்திப் போட்டன. அமெரிக்காவின் பல பகுதிகளில் பல் வைத்த சக்கரத்தோடு சாலையில் வரக்கூடாது என்று சட்டமே போட்டார்கள். விவசாயிகள் பற்களின் மேல் ஒரு இரும்பு வளையத்தை மாட்டிக்கொண்டு சாலையைக் கடக்க வேண்டியிருந்தது.

நம் ஊர்க் கட்டை வண்டியும் இதே ஜாதிதான். மரச்சக்கரத்தின் மேல் இரும்புப் பட்டையைச் சூடாக்கி மாட்டுவார்கள். குளிர்ந்ததும் அது இறுகிப் பிடித்துக்கொள்ளும். மண் பாதைக்கு அது போதுமானது. தார்ச் சாலையில் அந்தப் பட்டை தடம் பதித்தது. பிறகு டயர் வண்டி வந்தது, மாட்டுக்கும் சுமை குறைந்தது, சாலையும் தப்பியது.

கயிற்றில் பிறந்த சங்கிலி

கார்களுக்குப் பெரும்பாலும் ரப்பர் டயர்தான். அதனால் அவற்றின் பிரச்சினை நேர் எதிரானது. சாலையில் சுகமாகப் போகும், சேற்றிலும் பனியிலும் சக்கரம் சும்மா சுற்றும்.

நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஹாரி வீட் என்பவர், கார்க்காரர்கள் சக்கரத்தைச் சுற்றிக் கயிற்றையும் கொடியையும் கட்டி ஓட்டுவதைப் பார்த்தார் என்று சொல்லப்படுகிறது. கயிறு சீக்கிரம் அறுந்துவிடும். சங்கிலியாக இருந்தால்? 1904-ல் டயர் சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். நூறு வருடத்துக்கு மேலாகியும் அடிப்படை வடிவம் மாறவில்லை. டயரின் இரு பக்கமும் இரண்டு நீளச் சங்கிலிகள், நடுவில் ஏணிப்படி போலக் குறுக்குச் சங்கிலிகள். அவ்வளவுதான்.

இது ஏன் வேலை செய்கிறது? காய்ந்த தார்ச் சாலையில் ரப்பரின் உராய்வுக் கெழு சுமார் 0.7 முதல் 0.8 வரை இருக்கும். பனிக்கட்டியின் மேல் அது 0.1 அளவுக்கு விழுந்துவிடும். அதாவது பிடிமானத்தில் ஏழெட்டில் ஒரு பங்குதான் மிச்சம். சங்கிலி உராய்வை நம்பி நிற்பதில்லை. வண்டியின் எடை முழுவதும் சில கண்ணிகளின் மேல் விழ, அவை பனிக்கட்டியைக் கடித்துக்கொள்கின்றன.

ரப்பர் வந்தது, போனது, மறுபடி வந்தது

1932-ல் அமெரிக்காவின் ஆலிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் தன் 'மாடல் யூ' டிராக்டருக்குக் காற்றடைத்த ரப்பர் டயரைப் போட்டது. முதல் சோதனைகளுக்கு விமான டயர்களையே பயன்படுத்தினார்கள். 'ரப்பர் வயலில் தாங்குமா?' என்று விவசாயிகள் சந்தேகப்பட்டார்கள். அவர்களை நம்பவைக்க நிறுவனம் டிராக்டர் பந்தயமே நடத்தியது! 1933-ல் பார்னி ஓல்ட்ஃபீல்டு என்ற புகழ்பெற்ற கார் பந்தய வீரர் ஒரு டிராக்டரை மணிக்கு 64 மைல் வேகத்தில் ஓட்டிக் காட்டினார்.

எரிபொருள் மிச்சமானது, சாலையில் தடையில்லாமல் போக முடிந்தது. பத்து வருடத்துக்குள் ரப்பர் ஜெயித்துவிட்டது.

அப்போதுதான் இரண்டாம் உலகப் போர். 1942-ல் மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பான் கைக்குப் போயின. உலகத்தின் ரப்பரில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அமெரிக்க டிராக்டர்கள் மீண்டும் இரும்புச் சக்கரத்தோடு தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தன.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்த மலாயா ரப்பர் தோட்டங்களில் பால் வடித்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். கங்காணிகள் ஆள் சேர்த்த மாவட்டங்களில் திருச்சி, தஞ்சாவூரோடு சேலமும் ஒன்று (அப்போது நாமக்கல்லும் சேலம் ஜில்லாதான். 1997 முதல்தான் அது தனி மாவட்டமாக இயங்குகிறது). போர்க்காலத்தில் அந்தத் தொழிலாளர்களில் ஏராளமானோரை ஜப்பானியர்கள் சயாம் ரயில் பாதை போட இழுத்துப் போனார்கள். பலர் திரும்பவே இல்லை. அமெரிக்க டிராக்டரின் சக்கரத்தில் ரப்பர் இருக்குமா, இரும்பு இருக்குமா என்பதற்குப் பின்னால் சேலத்துக்காரர்களின் உழைப்பும் இருந்தது.

சேற்றில் தோற்ற ரப்பர்

சென்னையில் டாஃபே நிறுவனம் 1960-ல் தொடங்கப்பட்டது. மாஸ்ஸி ஃபெர்குசன் டிராக்டர்கள் தமிழ்நாட்டு வயல்களில் இறங்கின. சேலம், நாமக்கல் மேட்டு நிலங்களில் நிலக்கடலை, சோளம், மரவள்ளி. அங்கே ரப்பர் டயருக்குப் பிரச்சினை இல்லை. காவிரிக் கரையோரம் கதை வேறு. ஜேடர்பாளையத்தில் பிரியும் ராஜா வாய்க்கால், மேட்டூர் அணையின் கிழக்குக் கரை, மேற்குக் கரைக் கால்வாய்கள் ஆகியவை பாயும் இடங்களில் நெல் உண்டு. நெல் என்றால் சேற்றுழவு.

தண்ணீர் கட்டிய வயலில் டயரின் பள்ளங்களில் களிமண் அப்பிக்கொள்ளும். பத்து சுற்றில் டயர் வழவழவென்ற உருளையாகிவிடும். அப்புறம் எவ்வளவு முறுக்கினாலும் வண்டி நகராது, குழிதான் ஆழமாகும்.

கேஜ் வீல் இதற்கான பதில். இரண்டு மூன்று இரும்பு வளையங்கள், அவற்றின் குறுக்கே பற்றவைத்த இரும்புப் பட்டைகள், உள்ளே வெறும் காலி. சேறு ஒட்டினாலும் இடைவெளி வழியாக விழுந்துவிடும். குறுக்குப் பட்டைகள் சேற்றை மிதித்து, கலக்கி, கீழே இருக்கும் கெட்டித் தரையை எட்டிப் பிடிக்கும். அகலமாக இருப்பதால் வண்டி அதிகம் புதையாது. உழவும் நடக்கிறது, சேறும் கலங்குகிறது! டயரைக் கழற்றிவிட்டு மாட்டும் முழு வீல் உண்டு, டயரோடு பக்கவாட்டில் சேர்த்து மாட்டும் அரை வீலும் உண்டு. ஊர் வெல்டிங் பட்டறையிலேயே செய்துவிடுகிறார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை. ஜப்பானின் சின்னச் சின்ன நெல் வயல்களுக்காக வளர்ந்தவைதான் சிறிய டிராக்டர்கள். குபோட்டா நிறுவனம் 1972-ல் அமெரிக்காவில் கிளை நிறுவனம் தொடங்கியது. நெல் வயலுக்காகப் பிறந்த அந்தச் சிறிய வண்டி அங்கே வீட்டு வாசலில் பனி தள்ளும் வேலைக்குப் போனது. கூண்டுக்குப் பதில் சங்கிலி மாட்டிக்கொண்டது.

எடையிலும் ஒற்றுமை இருக்கிறது. பின்சக்கரம் நன்றாகப் பிடிக்க வேண்டும் என்று நம் ஊரில் டயருக்குள் முக்கால் பாகம் தண்ணீர் நிரப்புவார்கள். பனி நாடுகளிலும் இதே வழக்கம்தான். வெறும் தண்ணீர் உறைந்துவிடும் என்பதால் அங்கே கால்சியம் குளோரைடு உப்பைக் கரைத்து ஊற்றுகிறார்கள்.

பிடிமானம் ஆபத்தாகும்போது

பிடிமானம் கூடினால் பாதுகாப்பு கூடும் என்று நினைப்பது இயல்பு. அது எப்போதும் சரியல்ல. பின்சக்கரம் சேற்றில் இறுகிச் சிக்கிக்கொண்டு, ஓட்டுநர் முன்னோக்கி முறுக்கினால், சக்கரம் சுற்ற முடியாமல் வண்டியின் உடல் அச்சைச் சுற்றி மேலே எழும். முன்பக்கம் தூக்கிப் பின்னால் கவிழ்வதற்குச் சுமார் ஒன்றரை நொடி போதும். குதித்துத் தப்ப நேரமே இருக்காது. சிக்கிய சக்கரத்தில் மரக்கட்டையைக் கட்டி ஓட்டுவது இதனால்தான் மிக ஆபத்து. பின்பக்கமாக எடுத்துப் பார்ப்பதும், இன்னொரு வண்டியை வைத்து மெதுவாக இழுப்பதும்தான் வழி.

பனியிலும் அப்படியே. சங்கிலி கட்டியிருக்கிறோம் என்ற தைரியத்தில் சரிவில் வேகமாக இறங்குபவரைச் சங்கிலி காப்பாற்றாது.

சாலை யார் கணக்கில்?

இப்போது பழைய கதை திரும்பி வருகிறது. கேஜ் வீலோடு தார்ச் சாலையில் ஏறும் டிராக்டர், போகிற வழியெல்லாம் கோடு கோடாகக் கொத்திவிட்டுப் போகும். நூறு வருடம் முன்பு ஃபோர்ட்சன் செய்த அதே வேலை! தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் மாவட்ட நிர்வாகங்கள் இதைப் பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கின்றன. பனி நாடுகளிலும் இதே சண்டை உண்டு. இரும்பு ஆணி பதித்த பனிக்கால டயர்கள் சாலையை அரிப்பதாகச் சொல்லி அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 1971-ல் அவற்றைத் தடை செய்தது.

டிராக்டர்காரர் வேண்டுமென்றா செய்கிறார்? அவர் கணக்கையும் பார்க்க வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் எல்லா வயலுக்கும் ஒரே வாரத்தில் உழவு வேண்டும். வாடகை மணிக்கணக்கில். ஒரு வயல் முடிந்து அடுத்த ஊர் போக, இரண்டு பக்கமும் கனமான கூண்டைக் கழற்றி, டயரை மாட்டி, அங்கே போய் மறுபடி டயரைக் கழற்றிக் கூண்டை மாட்ட வேண்டும். அந்த நேரத்துக்கு யாரும் வாடகை தருவதில்லை. சாலை வழியாக அப்படியே போனால் அவருக்குச் செலவு பூஜ்யம். வணிகவியல் மாணவர்கள் பொருளாதாரப் பாடத்தில் படிக்கும் புறச் செலவு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. லாபம் ஒருவருக்கு, செலவு ஊருக்கு. அதே சாலையில் நாளைக்கு அவருடைய நெல் மூட்டையும் குலுங்கிக் குலுங்கித்தான் போக வேண்டும் என்பது வேறு விஷயம்.

அபராதம் மட்டும் இதைத் தீர்க்காது. ஒவ்வொரு ஊருக்கும் சேர்ந்து வாங்கிய ஒரு ஜோடி கேஜ் வீல் இருந்தால், டிராக்டர் ரப்பர் டயரோடு வந்து வயலோரம் மாட்டிக்கொள்ளலாம். மாட்டும் நேரத்தையும் வாடகையில் சேர்த்துக்கொள்ளலாம். டிரெய்லரில் கூண்டை ஏற்றிக்கொண்டு போகும் பொறுப்பான டிராக்டர்காரர்களும் இருக்கவே செய்கிறார்கள். பனி நாட்டில் சாலை தெளிந்ததும் சங்கிலியைக் கழற்றிப் பெட்டியில் போடுவதும் இதே பழக்கம்தான்.

இரும்பு, ரப்பர், மறுபடி இரும்பு என்று நூறு வருடமாகச் சக்கரம் சுற்றுகிறது. வயலுக்கு ஏற்ற சக்கரம் சாலைக்கு ஆகாது, சாலைக்கு ஏற்றது வயலுக்கு ஆகாது. இரண்டுக்கும் பொருந்தும் சக்கரத்தை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதுவரை மாட்டவும் கழற்றவும் ஆகும் அரை மணி நேரத்தை யாராவது ஒருவர் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதை வேலை கொடுப்பவரும் வேலை செய்பவரும் பங்கு போட்டுக்கொண்டால், ஊர்ச் சாலை தப்பிக்கும்.