சேவல் காசும் சில்லு அட்டையும்

பணம் என்பது உலோகமும் அன்று, தாளும் அன்று. கொடுப்போர்க்கும் கொள்வோர்க்கும் இடையே நிலவும் நம்பிக்கையே பணம் எனலாம். முன்னதாகவே ஒரு தொகையைச் செலுத்திவிட்டு, பின்னர்க் கடைகளில் சிறிது சிறிதாகக் கழித்துக்கொள்ளும் அட்டைகள் இவ்வுண்மையை நமக்கு நன்கு உணர்த்துகின்றன. அண்டை நாடாகிய சிங்கப்பூரில் அவை கடந்து வந்த பாதையை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

அரசாங்கம் வெளியிடாத ஒன்றைக் கடைக்காரர் பணமாக ஏற்பது புதுமையன்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிங்கப்பூரில் சில்லறைக் காசு போதவில்லை. எனவே, வணிகர்கள் இங்கிலாந்தில் செப்புக் காசுகளை அடிக்கச் செய்து வருவித்தனர். ஒருபுறம் சேவலின் உருவமும் 'தானா மெலாயு' என்னும் ஜாவி எழுத்தும், மறுபுறம் ஹிஜ்ரி 1247 என்னும் ஆண்டும் பொறிக்கப்பட்ட காசு அவற்றுள் பெயர் பெற்றதாகும். அதற்கு எந்த அரசும் பொறுப்பேற்கவில்லை. அடுத்த கடைக்காரரும் இதனை வாங்கிக்கொள்வார் என்னும் நம்பிக்கையே அதன் மதிப்பு. பின்னர், 1845 என்னும் ஆண்டைத் தாங்கிய செப்புக் காசுகளைக் கிழக்கிந்தியக் கம்பெனி வெளியிட்டது. சில்லறைக் காசுக்கு ஆள்வோர் பொறுப்பேற்கும் நிலை இவ்வாறு உருவாயிற்று.

ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின், தனியார் வெளியிடும் பணம் வேறு வடிவில் மீண்டும் வந்தது. 1985இல் உள்ளூர் வங்கிகள் கூடி 'நெட்ஸ்' நிறுவனத்தைத் தோற்றுவித்தன. அதன் வழி நடந்த விற்பனையில், ஒவ்வொரு முறையும் வாங்குவோரின் வங்கிக் கணக்கில் பணம் உண்டா என்று கருவி வினவியது. 1996இல் வந்த 'கேஷ்கார்டு' அவ்வாறன்று. தொகை அட்டையின் சில்லிலேயே பதிந்திருந்தது. கடைக்காரரின் கருவி, வங்கியைக் கேளாமலே அதனைக் கழித்துக்கொண்டது. சேர்ந்த தொகை பின்னர் அவர் கணக்கை அடைந்தது. 1998இல் தொடங்கிய மின்னியல் சாலைக் கட்டணமும் இவ்வட்டையைக் கொண்டே வசூலிக்கப்பட்டது. 2002இல் பேருந்துக்கும் பெருவிரைவு ரயிலுக்கும் 'ஈஸி-லிங்க்' அட்டை வந்து, நாளடைவில் கடைகளுக்கும் பரவியது. நம் நெடுஞ்சாலைச் சாவடிகளில் 1997 முதல் வழங்கிவரும் 'டச் அன் கோ' அட்டையும் இவ்வினத்தைச் சார்ந்ததே.

இவ்வட்டையைக் கடையில் நீட்டும்போது அது எவ்வாறு கருதப்படுகிறது? அது சட்டப்படி செல்லும் நாணயம் அன்று. ஆதலின் ஏற்பதும் மறுப்பதும் கடைக்காரரின் விருப்பம். ஏற்பவர், அதற்கெனச் சிறு கட்டணம் செலுத்த நேரிடும். ஆயினும் சில்லறை எண்ணும் தொல்லையும் கடன் நிலுவையும் அவருக்கு இல்லை. வாங்குவோர் நிலையோ வேறு. பொருளைப் பெறுமுன்பே பணத்தைக் கொடுத்துவிட்ட அவர், உண்மையில் அட்டை நிறுவனத்திற்குக் கடன் கொடுத்தவர் ஆகிறார். நிறுவனம் நொடித்துப் போனால் அப்பணம் என்னாகும்? இதனைக் கருதியே, சிங்கப்பூர் 2019இல் இயற்றிய கட்டணச் சேவைச் சட்டம், பெரிய நிறுவனங்கள் வாடிக்கையாளர் பணத்தைத் தனியே பாதுகாக்க வேண்டும் என விதித்தது.

நம்பிக்கைக்குச் சட்டம் மட்டும் போதாது என்பதை 2024 காட்டியது. பழைய ஈஸி-லிங்க் அட்டைகளைப் பெரியோர் ஜூன் 1 முதல் பொதுப் போக்குவரத்தில் பயன்படுத்த இயலாது என ஜனவரி 9 அன்று அறிவிக்கப்பட்டது. புதிய 'சிம்பிளிகோ' முறையில் தொகை அட்டையில் இராது. மையக் கணினியில் இருக்கும். ஆதலின் நுழைவாயிற் கருவியில் மீதித் தொகை தெரியாது. மக்கள் இதனை ஏற்கவில்லை. ஜனவரி 22 அன்று அம்முடிவு கைவிடப்பட்டு, பழைய முறையைத் தொடர்ந்து நடத்த 4 கோடி வெள்ளி ஒதுக்கப்பட்டது.

கைத்தொலைபேசியில் மீதியைப் பார்க்கலாமே என்று இளைஞர் கேட்கக்கூடும். ஆயின், அளந்து செலவிடும் முதியவருக்கு, கருவியில் ஒளிரும் அந்த எண் வெறும் எண் அன்று. தம் பணம் தம்மிடமே உள்ளது என்பதற்கான சான்று.

மாணவர்கள் கணக்கியல் கற்கும்போது இதனையும் கற்றல் நலம். சேவல் காசாயினும் சில்லு அட்டையாயினும், பிறர் பணத்தை முன்னதாகப் பெறுவோர் அதற்குக் காவலரே அன்றி உரிமையாளர் அல்லர். கேட்டபொழுது கணக்குக் காட்டுவதே அக்காவலின் முதற்கடமையாகும்.