நிகழ்ச்சி நிரலில் ஒரு பதினைந்து நிமிடம்

எங்கள் செட் கிண்டி பொறியியல் கல்லூரியை விட்டு வந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. வருகிற டிசம்பரில் அங்கேயே கூடுவது என்று முடிவாகி, நிகழ்ச்சி நிரல் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நான் டில்லியில் இருக்கிறேன். ஹால் பிடிக்க, சமையல்காரரிடம் பேச எதற்கும் உதவமாட்டேன். உட்கார்ந்த இடத்தில் செய்யக்கூடிய வேலை இது ஒன்றுதான்.

உற்சாகமாகவே எழுதினேன். இரண்டு நாள். காலை ஒன்பது மணிக்கு பேட்ஜ், டீ-ஷர்ட். சிவப்புக் கட்டடத்தின் முன் குரூப் போட்டோ. ஆசிரியர்களுக்குப் பொன்னாடை. மறைந்த நண்பர்களுக்கு மௌன அஞ்சலி. பழைய வகுப்பறையில் அதே பெஞ்சில் உட்கார்ந்து அட்டெண்டன்ஸ். ஹாஸ்டல் மெஸ்ஸில் சாப்பாடு. சாயங்காலம் கிரிக்கெட் (டாக்டர் அனுமதித்தவர்களுக்கு மட்டும்), இரவு பாட்டுக் கச்சேரி. 'குடும்பத்தாருக்கு' என்று தனியாக ஒரு பத்தி: குழந்தைகளுக்கு மேஜிக் ஷோ, மனைவியருக்கு மெஹந்தி, கோலப்போட்டி, தி.நகர் போய்வர வேன். நடுவில் எங்கோ 'கல்லூரி வரலாறு, 15 நிமிடம்'. பேச ஆள் கிடைக்காததால் அதுவும் நானே.

மடல் போன அன்று இரவே புனேயிலிருந்து ஒரு தோழி போன் செய்தார். கூடப் படித்தவர். "ஏம்ப்பா, நான் கிரிக்கெட்டுக்கு வரணுமா, வேன்ல ஏறணுமா? என் வீட்டுக்காரரும் வர்றார். அவருக்கும் மெஹந்தி உண்டா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை, எழுதிய கை என்னுடையது. இத்தனை பெண்கள் கூடப் படித்த செட்டுக்கு நிரல் எழுதும்போது கை தானாக 'மனைவியர்' என்று எழுதியிருக்கிறது. அன்றைக்குத்தான் அந்தப் பதினைந்து நிமிடத்தில் என்ன சொல்லப்போகிறோம் என்று முதல் தடவையாக யோசித்தேன்.

வழக்கமாகச் சொல்வது உங்களில் பலருக்கும் மனப்பாடம்தான். 1794-ல் சர்வே பள்ளியாகத் தொடங்கியது. ஐரோப்பாவுக்கு வெளியே மிகப் பழைய தொழில்நுட்பக் கல்விக்கூடம். ரூர்க்கி 1847-ல்தான் வந்தது (இதை இங்கே அலுவலகத்தில் ரூர்க்கிக்காரர்களிடம் வருடத்துக்கு இரண்டு தடவையாவது சொல்லிவிடுவேன்). 1859-ல் சிவில் எஞ்சினியரிங் கல்லூரி ஆனது. 1920-ல் சேப்பாக்கத்திலிருந்து கிண்டிக்கு இடம் மாறியது. 1978-ல் அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. பிறகு பெயர்கள்: வர்கீஸ் குரியன், ராஜ் ரெட்டி, வெங்கட்ராகவன், கிரேஸி மோகன். கைதட்டல், நன்றி, சாப்பாடு.

இதில் 'மிகப் பழைய' என்பதை நான் இப்போது அழுத்திச் சொல்வதில்லை. மெக்சிகோ நகரத்தில் சுரங்கத் தொழிலுக்கான கல்விக்கூடம் 1792-லேயே தொடங்கிவிட்டது. இரண்டு வருடத்தில் தோற்றுவிட்டோம். பரவாயில்லை. 1794 கதையில் வருடத்தைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. முதல் மாணவர்கள் எட்டுப் பேர். கம்பெனிக்கு நிலம் அளக்க, ஏரி கால்வாய் வரைபடம் போட ஆட்கள் தேவைப்பட்டார்கள். சீமையிலிருந்து ஆள் வரவழைத்தால் செலவு அதிகம். மைக்கேல் டாப்பிங் என்ற சர்வேயர் கண்ட வழி, சென்னையில் ஐரோப்பிய சோல்ஜர்களின் பிள்ளைகளுக்காக இருந்த அநாதை விடுதிப் பையன்களுக்குச் சங்கிலியும் திசைகாட்டியும் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது. அந்தப் பையன்களில் பலருக்கு அம்மா இந்த ஊர்க்காரி. நாங்கள் மார்தட்டிக்கொள்ளும் ஆரம்பம், சுருக்கமாகச் சொன்னால், குறைந்த சம்பளத்துக்கு ஆள் தயாரித்த இடம். டாப்பிங்கும் பள்ளி தொடங்கி இரண்டே வருடத்தில், 1796-ல், மசூலிப்பட்டினத்தில் இறந்துபோனார்.

இதற்கு மூன்று நிமிடம் போதும். மீதிப் பன்னிரண்டையும் லலிதாவுக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஏ. லலிதா என்ற பெயரை நான் படிக்கிற காலத்தில் கேள்விப்பட்டதே இல்லை. சென்னையில் குடியிருந்த தெலுங்குக் குடும்பம். 1919-ல் பிறந்தவர். பதினைந்து வயதில் கல்யாணம். 1937-ல் பெண் குழந்தை பிறந்து நாலு மாதத்தில் கணவர் இறந்துவிட்டார். பதினெட்டு வயதில், கையில் குழந்தையோடு விதவை. அந்தக் காலத்தில் அதற்குப் பிறகு ஒரு பெண்ணுக்கு என்ன வாழ்க்கை என்று நம் பாட்டிமார்களைப் பார்த்த யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

அப்பா பப்பு சுப்பாராவ், கிண்டியில் மின்பொறியியல் பேராசிரியர். மகளை மேலே படிக்க அனுப்பினார். குவீன் மேரீஸில் இண்டர்மீடியட் முடித்தார் லலிதா. அடுத்து டாக்டருக்குப் படிக்கலாம், பெண்களுக்கு அந்தக் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. ஆனால் டாக்டர் என்றால் ராத்திரி எந்நேரமும் கூப்பிடுவார்கள், குழந்தையை விட்டுவிட்டு ஓட வேண்டும். காலையில் போய் சாயங்காலம் வீடு திரும்பும் வேலையாக இருக்கட்டும் என்று எஞ்சினியரிங்கைத் தேர்ந்தெடுத்தார். சைட்டில் கிடக்கும் சிவில்காரர்கள் இதைக் கேட்டால் என்ன சொல்வார்களோ!

அதுவரை கிண்டியில் பெண்களைச் சேர்த்ததில்லை. அப்பா முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசினார், பொதுக்கல்வி இயக்குநர் ஸ்டாதமும் ஒப்புக்கொண்டார். 1940 வாக்கில் நூற்றுக்கணக்கான பையன்களுக்கு நடுவே ஒரே ஒரு பெண். தனி ஹாஸ்டல் அறை. குழந்தையை உறவினர் பார்த்துக்கொண்டார்கள். வார இறுதியில் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். பையன்கள் தொந்தரவு செய்யவில்லையாம், ஆனால் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. இதைப் பார்த்த அப்பா, பெண்களும் சேரலாம் என்று விளம்பரம் செய்யச் சொன்னார். அடுத்த வருடம் கேரளத்திலிருந்து இரண்டு பேர் சிவிலில் சேர்ந்தார்கள்: பி.கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ். போர்க்காலம் என்பதால் பாடத்திட்டத்தைச் சுருக்கிவிட, ஒரு வருடம் பின்னால் சேர்ந்த இவர்களும் லலிதாவோடு சேர்ந்தே படிப்பை முடித்தார்கள். குரியன் மெக்கானிகல் படித்ததும் இதே போர்க்கால வருடங்களில்தான்.

பட்டச் சான்றிதழ் ஆண்களுக்கென்றே அச்சடித்து வைத்திருந்தது. அதில் 'அவன்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் பேனாவால் அடித்துவிட்டு, 'அவள்' என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

அப்புறம் நடந்தது நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு நெருக்கமான கதை. ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் ஒரு வருடப் பயிற்சி. பீகாரில், முங்கேர் பக்கம். பிறகு சிம்லாவில் மத்திய தர நிர்ணய அமைப்பில் வேலை. 1948-ல் கல்கத்தாவுக்குப் போய் அசோசியேட்டட் எலெக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். கிட்டத்தட்ட முப்பது வருடம் அங்கேதான். மின்கடத்துப் பாதைகள், துணைமின் நிலைய அமைப்புகள் வடிவமைப்பது வேலை. பக்ரா நங்கல் அணைத் திட்டத்திலும் அவர் கை இருக்கிறது. இத்தனை வருடமாக இது தெரியாமல் போயிற்றே என்று இருந்தது.

வேலைக்குப் போன ஊர்களில் அண்ணன் குடும்பத்தைத் துணையாக வைத்துக்கொண்டுதான் மகளை வளர்த்திருக்கிறார். டூட்டிக்குப் போகும் அம்மாவும், பள்ளிவிட்டு வரும் குழந்தைக்குச் சோறு போட அண்ணியும். இப்போது நம் வீடுகளில் ஊரிலிருந்து மாமியாரையோ அம்மாவையோ ஆறு மாதத்துக்கு வரவழைத்துச் செய்கிற அதே ஏற்பாடு.

1964-ல் நியூயார்க்கில் பெண் எஞ்சினியர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாடு. இந்தியாவிலிருந்து லலிதா புடவையோடு தனியாகப் போய்க் கலந்துகொண்டார். 1967-ல் கேம்பிரிட்ஜில் இரண்டாவது மாநாடு நடந்தபோது இங்கிருந்து இன்னும் சில பெண்கள் போக ஏற்பாடு செய்தார். 1979-ல், அறுபது வயதில் மறைந்தார். திரேசியா 1971-ல் கேரளப் பொதுப்பணித்துறையில் தலைமைப் பொறியாளர் ஆனார். இது பத்திரிகையில் பெட்டிச் செய்தியாக வருகிற விஷயமில்லை. பாலமும் ரோடும் கட்டுகிற துறையில், அத்தனை ஆண் எஞ்சினியர்களும் யாரிடம் கையெழுத்து வாங்கினார்கள் என்கிற விஷயம்.

இதையெல்லாம் எழுதி புனே தோழிக்கு அனுப்பினேன். "நல்லா இருக்கு. ஆனா ஏசி ஹால்ல ஸ்லைடு போட்டுப் படிக்காதே, பாதிப் பேர் தூங்கிடுவாங்க" என்று பதில் வந்தது. நியாயம்தான். நிரல் மாறிவிட்டது.

ஹால் பேச்சு ரத்து. குரூப் போட்டோ எடுத்த கையோடு சிவப்புக் கட்டடத்திலிருந்து எல்லோரும் நடக்கிறோம், குழந்தைகள் உட்பட. கட்டடத்தின் முன் எட்டுப் பையன்கள் கதை. லலிதா கதை நடந்துகொண்டே. அதைச் சொல்லப்போவது நானில்லை, புனே தோழியின் மகள். பன்னிரண்டாவது படிக்கிறாள், கையில் காகிதம் இல்லாமல் பேசுவாளாம். 'மனைவியர்' என்ற பத்தியே இப்போது இல்லை. கிரிக்கெட்டில் யார் வேண்டுமானாலும் ஆடலாம். கோலப்போட்டிக்கு இதுவரை பெயர் கொடுத்திருப்பவர்கள் மூன்று பேர், மூவரும் மெக்கானிகல் பையன்கள். புள்ளி வைக்க ஸ்கேல் அனுமதி உண்டா என்று கேட்டிருக்கிறார்கள்.

தி.நகர் வேனை மட்டும் எடுக்க முடியவில்லை. அதற்குத்தான் கூட்டம் அதிகம், பாதி ஆண்கள். சனிக்கிழமை நாலு மணிக்குப் புறப்படுகிறது.