விருப்பமா, நிர்ப்பந்தமா? பேட்டைக் கல்விச்சூழலும் காணொலி வகுப்புகளும் (2020–2022)

இணையவழிக் கற்றலுக்கான காணொலிச் செயலிகளை மாணவர்கள் எந்த அளவிற்கு ஏற்றுக்கொண்டனர் என்பதை அளக்க முயன்ற ஆய்வுகள் பலவும், பிரெட் டேவிஸ் 1989இல் வெளியிட்ட தொழில்நுட்ப ஏற்பு மாதிரியை அடித்தளமாகக் கொண்டவை. கருவி பயன்தரும் என்னும் எண்ணமும் அதனைக் கையாள்வது எளிது என்னும் எண்ணமும் ஏற்பைத் தீர்மானிக்கின்றன என்பது அதன் சாரம். அம்மாதிரி யாரிடம் சோதிக்கப்பட்டது என்பதும் கருதத்தக்கது. கனடா ஐபிஎம் ஆய்வகத்தின் 112 பயனர்களும், பாஸ்டன் பல்கலைக்கழக மாலை வகுப்பில் மேலாண்மை பயின்ற 40 பேருமே அதன் தரவாளர்கள். இவர்களுக்குக் கணினி கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. 2020இல் தாமிரபரணிப் படுகை மாணவரின் நிலை வேறு.

திருநெல்வேலி நகரின் மேற்கே அமைந்த பேட்டையில் ம.தி.தா. இந்துக் கல்லூரி உள்ளது. திருநெல்வேலி–தென்காசி இருப்புப்பாதை பேட்டை வழியே செல்வதால் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி முதலிய ஊர்களிலிருந்து நாள்தோறும் வந்து பயில்வது இயலும். 2020 மார்ச் 17 முதல் தமிழகக் கல்வி நிலையங்கள் மூடப்பட்டன; அடுத்த சில நாள்களில் பயணிகள் இரயில்களும் நின்றன. வகுப்பறைக்கு மாற்றாக எஞ்சியது கைப்பேசித் திரையே.

தொலைவிலிருந்து கற்பது இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990இல் தோன்றுவதற்கு முன்பே மதுரைப் பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிக் கல்வி தென்மாவட்டங்களில் வேரூன்றியிருந்தது. அதில் அச்சிட்ட பாடம் வீடு தேடி வந்து, படிப்பவரின் ஓய்வுநேரத்திற்காகக் காத்திருந்தது. நேரலைக் காணொலி எவருக்காகவும் காத்திருப்பதில்லை. கருவி, மின்சாரம், அலைவரிசை, வீட்டில் சிறிது அமைதி ஆகிய நான்கும் ஒரே மணிப்பொழுதில் கூடிவர வேண்டும். பீடி சுற்றும் வீட்டில், மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி இருக்குமாயின், அக்கூடுகை எத்துணை அரிது என்பதை விளக்க வேண்டியதில்லை.

செயலிகளின் இயல்பும் இதற்கு உதவவில்லை. ஜூம் செயலியின் கட்டணமில்லாக் கூட்டம் 40 நிமிடங்களில் முடிந்துவிடும். 2020 ஏப்ரல் 16இல் நடுவண் உள்துறை அமைச்சகம் அச்செயலி பாதுகாப்பானதன்று என அறிவுறுத்தியது. மே மாதம் முதல் கூகுள் மீட் அனைவருக்கும் கட்டணமின்றிக் கிடைக்கலாயிற்று. ஆனால் தரவுச் செலவு குறையவில்லை. நொடிக்கு ஒரு மெகாபிட் அளவில் ஓடும் காணொலி மணிக்கு 450 மெகாபைட்டை உட்கொள்ளும். நாளொன்றுக்கு நான்கு வகுப்புகள் எனில் 1.8 ஜிகாபைட். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் பலர் வீட்டிற்குக் கணினியைக் கொண்டுசேர்த்திருந்தது. இணைய இணைப்பை அன்று.

தமிழக அரசு 9.69 இலட்சம் கல்லூரி மாணவர்க்கு நாளொன்றுக்கு 2 ஜிகாபைட் தரவை விலையின்றி வழங்குவதாக அறிவித்தது 2021 ஜனவரியில். மேற்கண்ட கணக்கோடு பொருந்தும் அளவுதான். எனினும் கல்லூரிகள் மூடப்பட்டு ஏறத்தாழப் பத்து மாதங்கள் கழிந்திருந்தன. பிப்ரவரி 8இல் அனைத்து ஆண்டு மாணவர்க்கும் கல்லூரிகள் திறக்கப்பட்டன.

வெங்கடேஷ் முதலியோர் 2003இல் முன்வைத்த ஒருங்கிணைந்த கோட்பாடு, துணைநிற்கும் சூழல், தன்விருப்பம் ஆகியவற்றையும் கணக்கில் கொள்கிறது. இக்காலக் கல்வியை ஆராய்வதற்கு இதுவே ஏற்றது. வருகைப்பதிவே செயலியின் வழியாக எடுக்கப்படுமாயின், அதில் நுழைந்தவரை ஏற்றுக்கொண்டவர் என எண்ணுவது பிழை. வினாநிரலில் பதியும் உயர்ந்த மதிப்பெண் சில வேளைகளில் மாணவரின் சகிப்பையே காட்டும்.

கல்லூரிகள் மீண்டும் திறந்தபின் எழுந்த கோரிக்கை இங்குப் பொருட்படுத்தத்தக்கது. 2021 நவம்பரில் தமிழகத்தின் பல கல்லூரிகளில் மாணவர்கள் இணையவழித் தேர்வு கோரிப் போராடினர். இதனைக் காணொலிக் கல்வி மீதான பற்று எனக் கொள்வது எளிது. ஆனால் வகுப்புகள் பெரும்பாலும் இணையத்தில் நடந்திருக்கத் தேர்வு மட்டும் நேரில் ஏன் என்பதே அவர்கள் எழுப்பிய வினா. அதில் பேசப்பட்டது செயலியின் தகுதியன்று, கற்பித்தலுக்கும் மதிப்பீட்டிற்கும் இடையிலான நியாயம். அரசு முதலில் இசையவில்லை. மூன்றாம் அலை பரவிய பின்னரே 2022 பிப்ரவரியில் பருவத்தேர்வுகள் இணையவழியில் நடைபெற்றன.