காவலூர் வானாய்வகமும் கிண்டிப் பொறியியற் கல்லூரியும்

சவ்வாது மலையில், காவலூர்ச் சந்தனக் காட்டின் நடுவே 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட தொலைநோக்கி ஒன்று நிற்கின்றது. சென்னைக் கிண்டியிலோ, சுரங்கப் பொறியியல் உள்ளிட்ட பல துறைகளைக் கற்பிக்கும் கல்லூரி செங்கற் கட்டடமொன்றை முகப்பாகக் கொண்டு விளங்குகின்றது. மலைக்காட்டு ஆய்வகத்திற்கும் நகரக் கல்லூரிக்கும் உறவுண்டு என்றால் வியப்போர் பலர். இரண்டும் மைக்கேல் டாப்பிங் என்னும் ஒருவர் கையால் வளர்ந்தவை என்பதை ஈண்டு எடுத்துக்காட்ட விழைகின்றோம்.

டாப்பிங் கிழக்கிந்தியக் கும்பெனியின் கடற்கரை அளவையாளர். வில்லியம் பெட்ரி என்பார் 1786இல் சென்னையில் தமக்கென அமைத்த வானாய்வகத்தின் கருவிகளைக் கும்பெனி பெற்றுக்கொண்டது. அவற்றை வைத்தற்கு நுங்கம்பாக்கத்தில் 1792இல் புதிய கட்டடம் எழுந்தது. அதன் வடிவை வகுத்தவர் டாப்பிங்கே. 40 அடி நீளமும் 20 அடி அகலமும் உடைய ஓர் அறைதான் அது. ஆயினும் அதன் நடுவே ஏறத்தாழ 10 டன் எடையுள்ள கருங்கற்றூண் நிறுத்தப்பட்டது. உச்சிகடக்கும் விண்மீனை நோக்கும் கருவி சிறிதும் அசைதல் கூடாது. அசைந்தால் காலக் கணக்குப் பிழைபடும். காலம் பிழைபட்டால் நெடுங்கோடு பிழைபடும். நெடுங்கோடு பிழைபட்டால் நிலப்படம் முழுவதும் பிழைபடும். கும்பெனிக்கு வேண்டியது விண்ணைக் காட்டிலும் மண்ணே என்பது வெளிப்படை.

மண்ணை அளக்க ஆள் வேண்டுமே! அதற்காக டாப்பிங்கின் முயற்சியால் 1794 மே மாதத்தில் அளவைப் பள்ளி தோன்றியது. முதல் மாணவர் எண்மர். ஆதரவற்ற ஐரோப்பிய வழிச் சிறுவர்க்கென நடந்த விடுதியினின்று அவர்கள் தெரிந்தெடுக்கப்பட்டனர். 1796இல் டாப்பிங் மறைந்த பின், அவருடைய உதவியாளராக இருந்த ஜான் கோல்டிங்ஹாம் ஆய்வகம், பள்ளி இரண்டையும் ஏற்றார்.

இங்கே ஒன்று நம் கருத்தை ஈர்க்கின்றது. அக்கருங்கற்றூணில் தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளில் எழுத்துகள் பொறிக்கப்பட்டன. கணித அறிவியலை ஆசியாவில் முதன்முதல் ஊன்றியவர் தாமே என வருங்காலத்தார்க்கு அறிவித்தல் அதன் நோக்கம். கல்லில் தமிழ் இடம் பெற்றது. பள்ளியின் முதல் வகுப்பில் தமிழ்ச் சிறுவர்க்கு இடமில்லை. ‘முதன்முதல்’ என்ற உரிமையும் நெடுநாள் நிலைக்கவில்லை. அதே ஆய்வகத்தில் பொறுப்பு வகித்த ஜான் வாரன், புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவர், தரையிற் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாகக் கொண்ட வாக்கியங்களின் துணையால் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை வியந்து, 1825இல் வெளியான தம் ‘கால சங்கலித’ நூலில் பதிவு செய்தார். தூணெழுத்திற்கு இதனினும் தக்க மறுப்பு வேண்டுவதில்லை.

பின்னர் இரண்டும் வெவ்வேறு வழிச் சென்றன. பள்ளி 1859இல் கல்லூரியாக உயர்ந்தது. நவாபின் சேப்பாக்கம் அரண்மனையைச் சேர்ந்த கலச மகாலில் நெடுநாள் இயங்கி, 1920இல் கிண்டியை அடைந்தது. கலச மகால் 2012இல் தீயால் பெரிதும் சிதைந்து, பின்னர்ச் செப்பனிடப்பட்டது. கல்லூரியிற் பெண்கள் 1940இல்தான் சேர்க்கப்பட்டனர் என்பதும் கருதற்குரியது. முதல் வகுப்பின் வாயில் எத்துணை மெல்லத் திறந்தது என்பதற்கு அதுவும் ஒரு சான்றாம்.

ஆய்வகமோ 1899இல் கோடைக்கானலுக்குப் பெயர்ந்தது. இரவு வானிற்கு ஏற்ற இடம் தேடிய வைணு பாப்பு காவலூரைத் தெரிந்தார். கோடைக்கானலிலேயே செய்யப்பட்ட 38 செ.மீ. தொலைநோக்கியுடன் 1968இல் அங்கே பணி தொடங்கிற்று. 1977 மார்ச்சு 10ஆம் நாள், யுரேனசைச் சூழ்ந்த வளையங்கள் புலப்பட்ட இரவில், அங்கிருந்த 102 செ.மீ. தொலைநோக்கியும் அக்கோளை நோக்கிக்கொண்டிருந்தது. முதலிற் கூறிய பெரிய தொலைநோக்கி இந்தியாவிலேயே உருவாகி 1986இல் திறக்கப்பட்டது. 1982இல் மறைந்த பாப்பு அதனைக் காணவில்லை. டாப்பிங் நிறுத்திய தூண் மட்டும் நுங்கம்பாக்கத்தில் வானிலை ஆய்வு மைய வளாகத்தில், தாங்குதற்கு ஒரு கருவியும் இன்றி நிற்கின்றது.