மொங்கோலியப் பெருவழி: ஒரு வரலாற்று நோக்கு

பீக்கிங்கிலிருந்து மொஸ்கோவுக்குத் தரைவழியே செல்லத் திட்டமிடும் ஒருவர் புவிப்படத்தை விரித்து நோக்குவாராயின், இரு புகையிரத வழிகள் முதலிற் கண்ணிற்படும். ஒன்று வடகிழக்கே மஞ்சூரியாவைச் சுற்றிச் சைபீரியாவை அடைவது. மற்றையது கோபிப் பாலைவனத்தை ஊடறுத்து, மொங்கோலியத் தலைநகரான உலான் பாத்தோர் ஊடாகப் பைக்கால் ஏரிப் பகுதியை அடைவது. பின்னையது முன்னையதைவிட ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் குறுகியது. ஆயினும் மஞ்சூரிய வழி 1903ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட, மொங்கோலிய வழி 1956ஆம் ஆண்டு வரை காத்திருந்தது. குறுகிய வழி ஏன் அரை நூற்றாண்டு பிந்தியது? அவ்வழியே வரும் வண்டி சீன எல்லையிற் பல மணிநேரம் நின்று சக்கரங்களை மாற்றிக்கொள்ள நேர்ந்தது ஏன்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மொங்கோலியருக்குப் பாதை புதியதன்று. செங்கிஸ்கானின் மைந்தன் ஒகதாய் கான் (ஆட்சிக்காலம் 1229–1241) பேரரசெங்கும் அஞ்சல் நிலையங்களை ஒழுங்குபடுத்தி அமைத்தான். தான் ஆற்றிய நற்செயல்கள் நான்கென அவன் எண்ணியதாகவும், அவற்றுள் அஞ்சல் நிலைய அமைப்பும் ஒன்றெனவும் ‘மொங்கோலியரின் இரகசிய வரலாறு’ கூறுகின்றது. அக்காலத்திற் பாதையை ஆண்டவர்கள் மொங்கோலியரே. ஆனால் மஞ்சு மரபினரின் சிங் பேரரசுக்கு அவர்கள் உட்பட்டபின் அதே நிலையங்கள் மக்கள்மீது சுமத்தப்பட்ட சுமையாயின. வழிச்செல்லும் அதிகாரிகளுக்குக் குதிரை, உணவுக்கான ஆடு, தங்குவதற்கான கூடாரம் ஆகியவற்றை மேய்ச்சற் குடும்பங்கள் ஊதியமின்றி வழங்க வேண்டியிருந்தது. ஒரே பாதை ஆள்வோருக்கு வசதியாகவும் ஆளப்படுவோருக்கு ஊழியமாகவும் அமையக்கூடும் என்பதை இம்மாற்றம் புலப்படுத்துகின்றது.

1727ஆம் ஆண்டின் கியாக்தா உடன்படிக்கை இப்பெருவழிக்குப் புதிய உயிரூட்டியது. ருஷ்ய–சீன வணிகம் எல்லையிலுள்ள கியாக்தாவில் நடைபெற அது வழிவகுத்தது. ருஷ்யாவிலிருந்து விலங்கு உரோமத் தோல்களும் துணியும் வந்தன. சீனாவிலிருந்து தேயிலை சென்றது. பெருஞ்சுவரையடுத்த கல்கான் நகரிலே தேயிலைப் பொதிகளை ஏற்றிய இருதிமில் ஒட்டகங்கள் ஊர்கா எனப்பட்ட இன்றைய உலான் பாத்தோரைக் கடந்து கியாக்தாவை அடைந்தன. ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் நீளமான இவ்வழியைக் கடக்க ஒரு மாதத்துக்கும் மேலாயிற்று. அழுத்திச் செய்யப்பட்ட தேயிலைக் கட்டிகள் மொங்கோலியாவில் நாணயமாகவே வழங்கின. எனினும் வணிகத்தின் இலாபம் பெரும்பாலும் பிறரையே சேர்ந்தது. சீன வணிக நிறுவனங்களிடம் கடன்பட்ட மொங்கோலியச் சிற்றரசர்கள் அக்கடனைத் தம் குடிகளின் மந்தைகளைக் கொண்டே தீர்த்தனர்.

1869ஆம் ஆண்டிற் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டமை இவ்வணிகத்துக்கு முதல் அடியாயிற்று. மஞ்சூரியா ஊடான சீனக் கிழக்குப் புகையிரதப் பாதை 1903இல் இயங்கத் தொடங்கியமை இரண்டாவது அடியாகும். மொங்கோலியாவை விடுத்து மஞ்சூரியாவை ருஷ்யப் பேரரசு தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் தெளிவு. அது நாடியது பசிபிக் கடலோரத்துத் துறைமுகங்களை. கடலற்ற மொங்கோலியா அத்தகைய பயன் எதனையும் தர இயலாதிருந்தது. தெற்கேயோ, ருஷ்யாவும் பிரித்தானியாவும் போட்டியிட்ட நிலையிற் பீக்கிங்–கல்கான் பாதையைச் சீனா தன் சொந்தப் பணத்திலே, சான் தியன்யு என்ற தன் பொறியியலாளரைக் கொண்டு, 1905 முதல் 1909 வரையான காலத்தில் அமைத்தது. அப்பாதை நெடுங்காலம் கோபியின் விளிம்பைத் தாண்டி வடக்கே செல்லவில்லை.

இவ்விடைக்காலத்தில் மோட்டார் வண்டி தன் வலிமையைக் காட்டிற்று. 1907ஆம் ஆண்டு பீக்கிங்கிலிருந்து பாரிஸ் வரை நடைபெற்ற போட்டியில் ஐந்து வண்டிகள் கலந்துகொண்டன. தந்திக் கம்பிகள் சென்ற வழியைப் பின்பற்றி அவை கோபியைக் கடக்க முற்பட்டன. மூன்று சக்கர வண்டியொன்று பாலைவனத்திலேயே கைவிடப்பட்டது. இத்தாலிய இளவரசர் போர்கேசேயின் வண்டி ஓகஸ்ட் 10ஆந் திகதி பாரிஸை அடைந்து வெற்றி பெற்றது. பாதை அமைக்கப்படாத புல்வெளியிலும் வண்டி செல்லும் என்பது இதனால் உறுதியாயிற்று. சில ஆண்டுகளிற் கல்கானுக்கும் ஊர்காவுக்குமிடையே மோட்டார் வண்டிகள் ஓடலாயின.

1911ஆம் ஆண்டு சிங் பேரரசு சரிந்தபோது மொங்கோலியா சுதந்திரப் பிரகடனம் செய்தது. ஆனால் 1915ஆம் ஆண்டு கியாக்தாவிற் செய்யப்பட்ட முத்தரப்பு உடன்படிக்கை அதனைச் சீன மேலாண்மைக்குட்பட்ட தன்னாட்சிப் பகுதியெனக் குறுக்கியது. 1921ஆம் ஆண்டுப் புரட்சியின் பின்னர் நாடு சோவியத் ஒன்றியத்தின் சார்பில் நின்றது. இக்காலத்துப் புகையிரதப் பாதைகள் அச்சார்பின் தேவைகளையே எதிரொலித்தன. 1938இல் நலைக் நிலக்கரிச் சுரங்கத்தைத் தலைநகருடன் இணைக்கும் 43 கிலோமீற்றர் ஒடுக்கப் பாதை திறக்கப்பட்டது. 1939இல் யப்பானியப் படைக்கெதிரான கல்கின் கோல் போரையொட்டிக் கிழக்கெல்லையிற் பிறிதொரு பாதை இடப்பட்டது. மக்கள் போக்குவரத்துக்கென எழுந்தவை அல்ல இவை.

சோவியத் எல்லையிலிருந்து உலான் பாத்தோர் வரையான பெரும்பாதை 1949ஆம் ஆண்டு நிறைவெய்தியது. அவ்வாண்டிலேயே சோவியத் ஒன்றியமும் மொங்கோலியாவும் சமபங்கு கொண்ட உலான் பாத்தோர் புகையிரத நிறுவனம் தோன்றியது. சீனப் புரட்சியின் வெற்றி தெற்கு வாயிலையும் திறந்தது. மூன்று நாடுகளும் 1952ஆம் ஆண்டு உடன்பட்டதற்கிணங்கப் பாதை கோபியைக் கடந்து சீனாவின் ஜினிங் வரை அமைக்கப்பட்டு, 1956ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி முழுவழிப் போக்குவரத்துத் தொடங்கியது. அதன்படி குறுகிய வழி பிந்தியமைக்குப் பாலைவனத்தின் கொடுமையைக் காரணங் காட்டுவது பொருந்தாது. பீக்கிங்கும் மொஸ்கோவும் நட்புடன் இருந்து, இரண்டும் உலான் பாத்தோரை ஒரு தனியரசின் தலைநகராக ஏற்ற காலம் அதுவரை வாய்க்கவில்லை என்பதே உண்மை.

இனி இரண்டாவது வினாவை நோக்குவோம். ருஷ்யத் தண்டவாளங்களின் இடையகலம் 1,520 மில்லிமீற்றர். சீனாவினது 1,435 மில்லிமீற்றர். பகைவர் வண்டிகள் நுழையாதிருக்கவே ருஷ்யா வேறு அகலத்தைத் தெரிந்ததென்பர். ஆயின் சென்ற் பீற்றர்ஸ்பேர்க்–மொஸ்கோ பாதைக்கு ஐந்து அடி அகலத்தைப் பரிந்துரைத்தவர் விஸ்லர் என்ற அமெரிக்கப் பொறியியலாளர். அவர் கருதியது தொழினுட்பப் பொருத்தத்தையே. தொழினுட்பமாகத் தொடங்கியது காலப்போக்கில் அரசியலாயிற்று. நட்புக் காலத்திற் சீனா தன் மண்ணிலே ஜினிங் வரை ருஷ்ய அகலத்தை ஏற்றது. சோவியத்–சீனப் பிணக்கு முற்றியபின், 1965ஆம் ஆண்டு, அப்பகுதியைத் தன் அகலத்துக்கு மாற்றியது. சக்கரம் மாற்றும் பணியும் எல்லை நகரான எரென்ஹொட்டுக்குப் பெயர்ந்தது. அங்கே பயணிகள் உள்ளிருக்கப் பெட்டிகள் உயர்த்தப்பட்டு, சக்கரத் தொகுதிகள் மாற்றப்பட்டன. 85 மில்லிமீற்றர் வேறுபாடு இரு பேரரசுகளின் எல்லைக்கோடாகவே நின்றது. மொங்கோலியாவின் தண்டவாளம் எப்பக்கத்து அகலத்தைக் கொண்டிருந்ததோ அப்பக்கமே அதன் அரசியலும் சாய்ந்திருந்தது.

1990ஆம் ஆண்டின் சனநாயக மாற்றத்தின் பின் இச்சாய்வை நிமிர்த்த மொங்கோலியா முனைந்தது. 1991ஆம் ஆண்டு உடன்படிக்கை தியன்சின் துறைமுகத்தினூடாகக் கடலை அடைய வழி தந்தது. தலைநகரிலிருந்து சீன எல்லையிலுள்ள சாமின் ஊத் வரை செப்பனிட்ட நெடுஞ்சாலை 2013இல் நிறைவுற, பஸ் வண்டிகளும் லொறிகளும் புகையிரதத்துக்குத் துணையாயின. எனினும் அகலம் பற்றிய விவாதம் ஓயவில்லை. புதிய பாதைகள் ருஷ்ய அகலத்தில் அமைய வேண்டுமென 2010இல் முடிவாயிற்று. சீன எல்லையை நோக்கிய பாதைகளுக்குச் சீன அகலமே ஏற்றதென 2014இல் நாடாளுமன்றம் தீர்மானித்தது. இறுதியில் தவன் தொல்கோய் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து எல்லைக்குச் செல்லும் பாதை 2022இல் ருஷ்ய அகலத்திலேயே திறக்கப்பட்டது. அப்போது அது சீனப் பாதையுடன் இணையாது எல்லையிலேயே முடிவுற்றது. அதனை இணைப்பதற்கான உடன்படிக்கை 2025ஆம் ஆண்டிலேதான் கைச்சாத்தாயிற்று.

நிலக்கரியை வாங்குவது பெரும்பாலும் சீனா. இருக்கும் பாதையிற் பாதிப் பங்கு ருஷ்யாவுக்கு. சீன அகலத்தை ஏற்றால் விற்பனை எளிதாகும், ஆனால் வாங்குவோன் ஒருவனையே நம்ப நேரும். ருஷ்ய அகலத்தைப் பேணினாற் பழைய பிணைப்புத் தொடரும், ஆனால் எல்லையிலே சரக்கை மாற்றும் செலவும் தொடரும். இரண்டில் எதுவும் இழப்பின்றிக் கைகூடாது. அதனாலேயே மொங்கோலியர் இவ்வினாவைப் பொறியியலாளரிடம் மட்டும் விட்டுவிடாது நாடாளுமன்றத்திற் பன்முறை விவாதித்தனர். இத்தயக்கத்தை உறுதியின்மை எனப் பழிப்போர் உளர். அண்டையிலுள்ள இரு வல்லரசுகளுக்கு நடுவே, தனக்கென ஒரு தெரிவு உண்டெனச் சிறியதொரு தேசம் நிலைநாட்ட முயல்வதாகவே அதனைக் கொள்ளுதல் தகும்.

2020இல் பெருந்தொற்றின்போது பீக்கிங்–மொஸ்கோ பயணிகள் சேவை தடைப்பட்டது. சரக்கு வண்டிகள் தொடர்ந்தும் ஓடின. எல்லை மூடப்படுங்கால் மனிதரும் பண்டமும் ஒன்றாக நடத்தப்படுவதில்லை என்பதை அது காட்டிற்று. இவ்வழியே செல்லத் திட்டமிடுவோர் கடவுச்சீட்டையும் வீசாவையும் கால அட்டவணையையும் ஆராய்வது இயல்பே. அவற்றோடு தண்டவாளத்தின் அகலத்தையும் அறிந்து செல்வாராயின், எல்லையிற் கழியும் மணிநேரங்கள் அவர்களுக்கு வீண் தாமதமாகத் தோன்றா. பாதை இடப்படுவதை ஒரு நாட்டின் முன்னேற்றமெனப் போற்றுமுன், அதன் அகலத்தை யார் தீர்மானித்தார் என வினவுதல் வரலாற்று மாணவரின் கடமையாகும்.