கருப்பு ஈறு: நோயா, நிறமா?

"டாக்டர், அடுத்த மாசம் எனக்கு நிச்சயதார்த்தம். சிரிச்சா ஈறு கருப்பா தெரியுது. லேசர்ல பிங்க் ஆக்கிடலாமாம். பண்ணிக்கலாமா?"

அம்மாவுக்கு சுகர் மாத்திரை வாங்க எங்க அரசு மருத்துவமனை ஓ.பி.க்கு வந்த பொண்ணு கேட்ட கேள்வி. வீடு மயிலாப்பூர். தி.நகர்ல விசாரிச்சாச்சு. நகைச்சீட்டை உடைச்சு பணம் கட்டப் போறாங்க.

நான் பல் டாக்டர் இல்லை, எம்.பி.பி.எஸ். தான். ஆனா இந்தக் கேள்விக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. கொஞ்சம் பொறுமையா படிங்க 👇

1/
ஈறுக்கு கருப்பைத் தருவது மெலனின். தோலுக்கு நிறம் தரும் அதே பொருள்தான். அதைச் சுரக்கும் மெலனோசைட் செல்கள் வெள்ளைக்காரருக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை. நம்முடையது கொஞ்சம் சுறுசுறுப்பா வேலை செய்யுது, அவ்வளவுதான். அழுக்கில்லை. தேய்ச்சா போகாது.

2/
இதை முறையா ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் கிளிஃப்டன் டம்மெட். 1919-ல் பிரிட்டிஷ் கயானாவில் பிறந்த கருப்பினப் பல் மருத்துவர். மெட்ராஸ்ல இருந்து நம்ம ஆட்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன அதே கயானா. 1947-ல் அமெரிக்காவின் மெஹாரி பல் மருத்துவக் கல்லூரிக்கு டீன். அப்போ வயசு 28!

3/
1964-ல் அவரும் குப்தா என்பவரும் சேர்ந்து ஈறு நிறத்துக்கு ஒரு அளவுகோல் கொடுத்தாங்க. பிங்க் என்றால் 0, இளம் பழுப்பு 1, நடுத்தரம் 2, அடர் பழுப்பு அல்லது நீலக் கருப்பு 3. இது நிறத்தை அளக்கும் கோல். நோயை அளப்பதில்லை. இன்னைக்கு ஈறு வெளுக்கும் சிகிச்சைகளில் 'முன்பு - பின்பு' பார்க்க அதே கோல்தான் பயன்படுது!

4/
நிறத்தை எடுக்கும் முயற்சியும் பழசுதான். 1951-லேயே பீனால், ஆல்கஹால் வச்சு எரிச்சுப் பார்த்தாங்க. அப்புறம் கத்தி, உறைய வைத்தல், இப்போ லேசர். 1963-ல் டம்மெட்டும் போல்டனும் ஈறை வெட்டிய 8 பேரைத் தொடர்ந்து பார்த்தாங்க. 1 முதல் 4 மாசத்துக்குள்ள 6 பேருக்கு ஓரளவு கருப்பு திரும்பி வந்தது. பக்கத்து மெலனோசைட்டுகள் நகர்ந்து வந்துடும். லேசருக்குப் பிறகும் நிறம் திரும்பலாம்.

5/
இன்னொரு பக்கத்தையும் பாருங்க. செனகலில் பெண்கள் ஈறில் கருப்புப் பச்சை குத்திக்கிட்டாங்க, பல் வெள்ளையா எடுப்பா தெரியணும்னு. நம்ம நாட்டிலேயே 'மிஸ்ஸி' என்ற பொடியைப் பூசி பல்லையும் ஈறையும் கருப்பாக்குவது அலங்காரமா இருந்தது. கருப்பு அழகில்லைன்னு நமக்குச் சொல்லிக்கொடுத்தது யாரு? 1975-ல் வந்த ஒரு சிவப்பழகு க்ரீம், தன் பேரில் இருந்த 'ஃபேர்' என்ற சொல்லை விட 2020 வரை ஆச்சு.

6/
அப்போ எப்போ கவலைப்படணும்?

▪️ இதுவரை இல்லாத கருப்பு புதுசா வந்தா. கூடவே சோர்வு, எடை குறைவு, லோ பிரஷர் இருந்தா உடனே டாக்டரைப் பாருங்க. 1855-ல் தாமஸ் அடிசன் விவரித்த அட்ரீனல் நோயா இருக்கலாம். டிபி-யும் அதுக்கு ஒரு காரணம்.
▪️ ஈறு ஓரத்தில் நீலக் கோடு. 1840-ல் ஹென்றி பர்ட்டன் சொன்ன ஈய நஞ்சின் அடையாளம்.
▪️ சிகரெட். புகை ஈறைக் கருப்பாக்கும்னு 1977-ல் ஸ்வீடனின் ஹெடின் எழுதினார். நிறுத்தினா மெல்லக் குறையும்.
▪️ ஒரே இடத்தில் மட்டும் வளரும் கரும்புள்ளி. தாமதிக்காம காட்டணும்.

7/
அந்தப் பொண்ணுக்குச் சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். பக்கத்துல இருந்த அம்மா சிரிச்சாங்க. அதே நிறம். "பல் தேய்க்கும்போது ரத்தம் வருமாம்மா?"ன்னு கேட்டேன். "அது வருஷக்கணக்கா வருதே சார்"னாங்க.

அதுதான் நோய். சுகர் இருந்தா ஈறு கெடும், ஈறு கெட்டா சுகர் ஏறும். கருப்பு ஈறில் சிவப்பு சட்டுன்னு தெரியாது. ரத்தம்தான் முதல் எச்சரிக்கை.

கோட்டை ஸ்டேஷன் எதிரே 1953-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. அம்மாவுக்கு அங்கே சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

பொண்ணுகிட்ட சொன்னது இவ்வளவுதான்: "செய்யக்கூடாதுன்னு இல்லம்மா. உன் ஈறு, உன் முடிவு. ஆனா இது நோய்க்கு வைத்தியம் இல்லை, திரும்பி வரலாம்னு தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணு. அம்மாவை முதல்ல கூட்டிட்டுப் போ."

நீங்களும் இன்னைக்குக் கண்ணாடியில் ஒரு தடவை பாருங்க. நிறத்தை விடுங்க. ரத்தம் வருதா?