ஓரியின் அம்பும் கோல்ஃப் மட்டையும்

கோல்ஃப் என்கிற சொல் எழுத்தில் முதன்முதலாகத் தலைகாட்டுவதே ஒரு தடை உத்தரவில்தான். 1457-ல், ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் காலத்து நாடாளுமன்றம், கால்பந்தும் கோல்ஃபும் கூடவே கூடாது, அந்த நேரத்தில் எல்லாரும் வில் பழகுங்கள் என்று சட்டம் போட்டது. பக்கத்திலேயே இங்கிலாந்து, அவர்கள் கையில் நெடுவில். நம்ம பசங்க பந்தைத் துரத்திக்கிட்டிருந்தா நாடு என்னாவது என்கிற கவலை. 1471-லும் 1491-லும் அதே தடையை மறுபடி போட வேண்டி வந்தது. ஜனங்கள் எந்த லட்சணத்தில் கேட்டார்கள் என்பது அதிலிருந்தே தெரிகிறது.

வேடிக்கை அதற்கப்புறம்தான். 1502-ல் நான்காம் ஜேம்ஸ் மன்னரே கோல்ஃப் மட்டை வாங்கினார். பணம் கொடுத்த விவரம் அரண்மனைப் பொக்கிஷக் கணக்கில் பதிவாகியிருக்கிறது. யாரிடம் வாங்கினார்? பெர்த் ஊரில் வில் செய்துகொண்டிருந்தவரிடம்! 1603-ல் ஆறாம் ஜேம்ஸ் தன் மட்டைகளைச் செய்துதர நியமித்த வில்லியம் மேய்ன் என்பவரும் எடின்பரோவில் வில் செய்கிறவர்தான். யோசித்தால் இது இயல்புதான். எந்த மரம் எவ்வளவு வளையும், எங்கே முறியும், எதைக் காயவைக்கணும் என்பதெல்லாம் வில் செய்கிறவர் கைக்குத்தானே தெரியும்.

கொல்லிமலையைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு ஸ்காட்லாந்தில் சுற்றிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. கொல்லியில் கோல்ஃப் மைதானம் கிடையாது. ஆனால் வில் இருக்கிறது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போனால், செம்மேட்டில் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறார் வல்வில் ஓரி. ஆடி பதினெட்டை ஒட்டி அரசு விழா எடுக்கிறது, வில்வித்தைப் போட்டியும் நடக்கிறது. இப்போ ஆன்லைனில் வில் வாங்கிப் பழகுகிற பிள்ளைகளும் பெருகிட்டாங்க. அதோடு, “ஒரே அம்பில் ஐந்து மிருகம், உலகின் முதல் வில்லாளி” என்கிற மாதிரி ஃபார்வர்டுகளும் பெருகிட்டுது. அந்தப் பாட்டை நிதானமாகப் படித்தால், ஃபார்வர்டு சொல்வதைவிட நல்ல சங்கதிகள் அதில் இருக்கு. வில் எடுக்கிறவருக்கு உபயோகமான சங்கதியும் இருக்கு.

பாட்டு புறநானூறு 152. பாடியவர் வன்பரணர். ஓர் அம்பு புறப்படுகிறது. முதலில் யானையைச் சாய்க்கிறது, பிறகு புலியை, பிறகு கலைமானை, பிறகு பன்றியை. கடைசியாகப் பக்கத்துப் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. பெரிசிலிருந்து சின்னதுக்கு வரிசை இறங்கி வருவதைக் கவனியுங்கள். இது புலவர் கட்டிய வரிசை. காட்டில் மிருகங்கள் இப்படி அளவெடுத்து நேர்கோட்டில் வந்து நிற்காது.

சரி, இது நடக்கக்கூடியதா? ஒரு சின்னக் கணக்கு போடுவோம். கனமான 60 கிராம் அம்பு நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் போனால் அதிலுள்ள ஆற்றல் 75 ஜூல். கோல்ஃப் பந்தின் எடை விதிப்படி அதிகபட்சம் 45.93 கிராம். சுமாராக ஆடுகிற ஒருத்தர் அதை நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் அடித்தால் கிட்டத்தட்ட 83 ஜூல். ஆக, ஆற்றல் என்று பார்த்தால் பந்தும் அம்பும் பங்காளிங்கதான். வித்தியாசம் முனையில் இருக்கிறது. பந்து பட்டால் மொத்தமும் ஒரு வட்டத்தில் பரவிவிடும். அம்பு அதையே ஊசிமுனையில் குவிக்கிறது. அதனால்தான் அது உள்ளே இறங்குகிறது. ஆனாலும் யானை யானைதான். தோலே சில இடங்களில் இரண்டரை சென்டிமீட்டர் தடிமன், அதற்குள்ளே அகல அகலமான விலா எலும்பு. 1950 வாக்கில் ஆப்பிரிக்காவில் அம்பால் யானையை வீழ்த்திய ஹோவர்ட் ஹில் என்ற அமெரிக்கர், அதற்கு 100 பவுண்டுக்கும் மேல் இழுவை கொண்ட வில்லைத் தூக்கிக்கொண்டு போனார். அவருடைய அம்பும் யானையோடு நின்றுவிட்டது. அதைத் தாண்டிப் புலிக்குப் போகவில்லை.

ஆகவே ஐந்து மிருகக் கணக்கைப் புலவருடைய உயர்வு நவிற்சி என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அதில் ஓரிக்கு ஒரு குறைச்சலும் இல்லை. ‘வல்வில்’ என்கிற அடைமொழி வெறும் புகழ்ச்சியாக இருந்திருக்கவும் வேண்டியதில்லை. இழுக்க முடியாத வில்லை இழுத்தவர் என்று அர்த்தம், பேரிலேயே ஆயுதம் இருக்கிறது. 1545-ல் மூழ்கி 1982-ல் வெளியே எடுக்கப்பட்ட ‘மேரி ரோஸ்’ என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் நூற்றுக்கும் மேல் முழு வில்கள் கிடைத்தன. அவற்றின் இழுவை 100-லிருந்து 185 பவுண்டு வரை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இன்றைக்கு ஒலிம்பிக்கில் விடுகிற ஆண்களே 50 பவுண்டு அளவில்தான் இழுக்கிறார்கள். அந்தக் கப்பலில் கிடைத்த எலும்புக்கூடுகள் சிலவற்றில் தோள்பட்டை எலும்பின் ஒரு நுனி, வயது வந்த பிறகும் ஒட்டாமலே இருந்தது. சின்ன வயசிலிருந்து கனமான வில்லை இழுத்து இழுத்து அப்படி ஆனது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

புதிதாக வில் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். வல்வில் வேண்டாம். மெல்வில் வாங்குங்கள். வளர்ந்த ஆளுக்கே தொடக்கத்தில் 20-லிருந்து 24 பவுண்டு தாராளம். இழுத்துப் பிடித்துப் பத்து நொடி கை நடுங்காமல் நிற்க முடியலைன்னா அந்த வில் உங்களுக்குக் கனம். கடைக்காரர் “போகப் போகப் பழகிடும் சார்” என்பார். பழகுவது தப்பான இழுப்புதான். கூடவே தோள் நரம்பும் போகும். வில்லில் எழுதியிருக்கும் பவுண்டு 28 அங்குல இழுப்புக்கான அளவு. கை குட்டையானவர் குறைவாக இழுப்பார், ஓர் அங்குலத்துக்குச் சுமார் இரண்டு பவுண்டு குறையும். கை நீளமென்றால் கூடும்.

அம்பின் நீளத்தில் சிக்கனம் பிடிக்கக் கூடாது. குட்டையான அம்பை முழுசாக இழுத்தால் முனை வில்லைத் தாண்டி உள்ளே வந்துவிடும். நாணை விட்டதும் அது வில்லைப் பிடித்திருக்கும் கையிலேயே பாயும். பழகும் காலத்தில் அம்பு ரெண்டு மூணு அங்குலம் கூடுதலாகவே இருக்கட்டும். அம்பு விறைப்பாக இருந்தால் நல்லது என்று நினைப்பதும் சரியில்லை. நாணிலிருந்து கிளம்பும்போது அம்பு பாம்பு மாதிரி நெளிந்து வில்லைச் சுற்றிக்கொண்டுதான் போகும். அந்த நெளிவு வில்லின் பலத்துக்குப் பொருந்தணும். அடுத்தவர் அம்பை வாங்கி விட்டுப்பார்த்து, “என் கை சரியில்லை” என்று நொந்துகொள்கிற பாதிப் பேருக்கு இதுதான் கோளாறு. அம்பு கோக்காமல் நாணை மட்டும் இழுத்து விடுவது கூடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய ஆற்றல் எல்லாம் திரும்பி வில்லிலேயே இறங்கும். மர வில் அங்கேயே பிளக்கும்.

வில் பிடிப்பதற்கு ஒரு நாள் பார்த்துச் செய்வது நம் ஊரில் இருந்த வழக்கம். பெரியபுராணத்தில் திண்ணனாருக்கு வில் பிடிக்கும் விழா எடுப்பதைச் சேக்கிழார் ஊரே கூடிய கொண்டாட்டமாகப் பாடியிருக்கிறார். இப்போ கூரியர்காரர் கொண்டுவந்து கொடுத்துட்டுப் போயிடுறார், கற்றுக்கொடுக்கத்தான் ஆளில்லை.

இனி மலைக்கு வருவோம். சமதரையில் குறி பார்த்துப் பழகியவர் கொல்லி மாதிரிச் சரிவில் விட்டால் அம்பு தலைக்கு மேலே போகும். மேல்நோக்கி விட்டாலும் சரி, கீழ்நோக்கி விட்டாலும் சரி, இரண்டுக்கும் அப்படித்தான். புவியீர்ப்பு அம்பை இழுப்பது கிடைமட்ட தூரத்தைப் பொறுத்து. முப்பது டிகிரி சரிவில் 40 மீட்டர் தள்ளி இலக்கு இருந்தால், கிடைமட்ட தூரம் 35 மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. ஆகவே 35-க்குப் பார்க்கிற மாதிரிப் பார்க்கணும். கோல்ஃப்காரர்கள் இதைக் கேட்டால் மறுப்பார்கள். அவர்களுக்கு மேட்டில் ஏற்றி அடிக்கத் தூரம் கூடும், பள்ளத்தில் குறையும். பந்து உயரமாக வளைந்து போய் இறங்குவதால் அந்தக் கணக்கு. அம்பு தாழ்வாகப் பறப்பதால் இந்தக் கணக்கு. சரிவில் நிற்கும்போது கையை மட்டும் தூக்கியோ தாழ்த்தியோ விடாதீர்கள். நேராக நின்று இழுத்துவிட்டு, இடுப்பில் மட்டும் சாயுங்கள். தோளும் கையும் ஒரே கோட்டில் இருக்கணும்.

காற்று இன்னொரு சமாச்சாரம். ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்னு சொல்ற மாசத்துல கொல்லியில் போட்டி. அதற்கு ஈடுகொடுக்க வேண்டும் என்றால் குறியைத் தள்ளி வைத்துப் பழகணும். காத்து நிற்கட்டும் என்று இழுத்துப் பிடித்துக்கொண்டே நின்றால் கை சோர்ந்துபோகும். இறக்கிவிட்டு மறுபடி இழுப்பதில் வெட்கமே இல்லை.

பாட்டுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் எனக்கு அதில் ரொம்பப் பிடித்த விஷயமே அம்பு நின்ற பிறகுதான் வருகிறது. யானையைத் தாண்டிப் போன அம்பு புற்றிலிருந்த உடும்பையும் கொன்றது என்கிறார் புலவர். ஓரி ஐந்தையும் குறி பார்த்தான் என்று பாட்டில் எங்குமே இல்லை. விட்ட அம்பு குறியோடு நிற்காது என்பதுதான் இதில் எந்த வில்லாளிக்கும் உறைக்க வேண்டிய இடம். இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது? மண்மேடா, வேலியா, அடுத்த வீட்டு முற்றமா? அதைப் பார்க்காமல் வில் எடுக்கவே கூடாது. மொட்டை மாடியில் தெர்மோகோல் பலகை வைத்துப் பழகுகிறவர்களைப் பார்க்கையில் வயிற்றைக் கலக்குகிறது. அம்புக்குத் தெர்மோகோல் ஒரு பொருட்டே இல்லை. கோல்ஃபில் பந்து ஆள் பக்கம் போனால் “ஃபோர்!” என்று கத்தி எச்சரிக்கலாம். அம்புக்கு அந்த அவகாசம் கிடையாது. அதனால் வில்வித்தையில் மரியாதை முழுக்க, விடுவதற்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டியதாயிருக்கு. இரண்டு விசில் ஊதினால் கோட்டுக்கு வரணும். ஒன்று ஊதினால் விடலாம். மூன்று ஊதினால் போய் அம்பைப் பிடுங்கலாம். இலக்கை நோக்கி ஓடக் கூடாது, நடக்கணும். தடுக்கி விழுந்தால் எதிரே நிற்பது அம்பின் பின்முனை. பிடுங்கும்போது பின்னால் ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் கையை இழுக்கணும்.

அப்புறம் ஓரி. வன்பரணரும் அவரோடு வந்த கூட்டமும் அந்த வேடனைக் காட்டில் பார்க்கிறார்கள். கூலிக்குக் கொல்கிறவன் மாதிரித் தெரியலையே, மார்பில் முத்தாரம் இருக்கே, ஓரியாக இருக்குமோ, இல்லையோ என்று சந்தேகம். வாத்தியங்களோடு பாடுகிறார்கள். பாட்டு முடிவில் “கோ” என்று சொன்னதும், அது தன்னைக் குறிக்கும் பேராயிற்றே என்று அவன் கூச்சப்பட்டுவிடுகிறான். பேர் சொல்லிக்கொள்ளவில்லை. உன்னைப் போல் வேட்டுவன் இல்லை என்று இவர்கள் சொல்ல வாயெடுக்கும் முன்பே சமைத்த மான் இறைச்சியும் கள்ளும் கொடுத்து, மலையில் கிடைத்த பொன்னும் மணியும் கொடுத்து அனுப்புகிறான், அரண்மனைக்குக்கூடக் கூப்பிடாமல் அந்தக் காட்டு வழியிலேயே. ஐந்து மிருகத்தை நம்பாத என்னால் இந்தக் கூச்சத்தை நம்ப முடிகிறது. இட்டுக்கட்டிப் புகழ்கிறவர் இப்படி ஒரு சங்கடத்தைக் கற்பனை செய்யமாட்டார்.

அந்த ஓரிக்கும் ஒரு முடிவு வந்தது. மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்ததை அகநானூறு 209 சொல்கிறது. ஓரியின் தெருவில் காரி நுழைந்தபோது எழுந்த ஆரவாரம் நற்றிணை 320-ல் உவமையாக வருகிறது. மலையை வாங்கிக்கொண்ட சேரர் காசிலும் வில்தான் சின்னம்!

பாட்டில் வரும் மிருகங்களை இன்றைக்குத் தொட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் யானை, புலி, உடும்பு மூன்றுமே முதல் அட்டவணையில் இருக்கின்றன. காட்டு வில்லின் சுகம் வேண்டுமென்றால் அதற்கு வேறு வழி வந்துவிட்டது. காட்டுப்பாதை நெடுக, தூரம் மாறி மாறி இலக்கு வைத்து, நான்கு பேருக்கு மிகாத குழுவாக நடந்து நடந்து விடுவது. கிட்டத்தட்ட கோல்ஃப் மைதானம் மாதிரியேதான். சில இடங்களில் ரப்பர் நுரையில் செய்த மிருக உருவங்களே இலக்கு. இதில் மரியாதை ஒரு இடத்தில் கோல்ஃபுக்கு நேர் எதிர். கோல்ஃபில் தூரம் யாரும் யாரையும் கேட்கலாம், அது ரகசியமில்லை. இங்கே தூரம் குறிக்காத இலக்கில் “நாற்பது இருக்கும்” என்று முணுமுணுத்தாலே குற்றம்.

தொலைந்த அம்பைத் தேடும் விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒத்துப்போகிறது. கோல்ஃபில் பந்து தேட ஐந்து நிமிடம் இருந்ததை 2019-ல் மூன்றாகக் குறைத்தார்கள், பின்னால் வருகிறவர் காத்திருக்கக் கூடாதென்று. வில்லில் அம்பு தேடப் போகும்போது குழுவில் ஒருத்தர் இலக்குக்கு முன்னால் நிற்கணும், இல்லாவிட்டால் ஒரு வில்லை இலக்கின் மேல் சாய்த்து வைக்கணும். பின்னால் வரும் குழு அதைப் பார்த்து நின்றுகொள்ளும். கிடைக்கவில்லை என்றால் நடத்துகிறவரிடம் இடத்தைச் சொல்லிவிட்டுத்தான் நகரணும். அம்பு புதைந்து கிடக்கிற அந்தப் புல்லில்தான் நாளைக்கு யாராவது வெறுங்காலோடு ஆடு மேய்க்க வருவார்கள்.